நிலத்தில் ஆளில்லாக் காவற்கருவிகளை அமைக்கும் முறை

பயிரை விளைவிப்பது குடியானவரின் வேலையில் ஒரு பாதி. விளைந்த பொருளையும், விளைவிப்பதற்குரிய சாதனங்களையும் காப்பது மற்றொரு பாதி. ஆழ்குழாய்க் கிணற்றின் மோட்டாருக்குச் செல்லும் செம்புக் கம்பியை ஒரே இரவில் வெட்டிக்கொண்டு போவார் உளர். அதனால் உண்டாகும் நஷ்டம் கம்பியின் கிரயத்தோடு முடிவதில்லை. மறு கம்பி வாங்கிப் பூட்டும் வரையில் நீரின்றி வாடும் பயிரின் நஷ்டமே பெரிது. தேங்காய், வாழைத்தார் முதலியன இரவில் இறங்கிப் போவதும், ஏரிக்கரையை உடைத்து வண்டிகளை உள்ளே விட்டு மண் அள்ளுவதும் பல ஊர்களில் உள்ள தொல்லைகளே.

இவற்றைத் தடுக்கக் காவலாள் வைப்பது பழைய முறை. எனினும் பத்து ஏக்கர் தோப்பின் நான்கு மூலைகளிலும் ஒருவர் ஒரே சமயத்தில் விழித்திருத்தல் இயலாது. ஆகவே, கடைகளில் சென்சார் என்று விற்கப்படும் உணர்கருவிகளை நிலத்தில் புதைத்தோ, மறைவாக நிறுத்தியோ, ஆளோ வண்டியோ உள்ளே வரும்போது வீட்டிலிருப்பவருக்குச் செய்தி வரும்படி செய்து கொள்ளும் வழக்கம் பரவி வருகிறது. கருவியை வாங்குதல் எளிது. அதை நிலத்திற்கேற்ப அமைத்தலே கடினம். கருவி சொல்வது, "ஏதோ ஒன்று அசைந்தது" என்பது மட்டுமே. அசைந்தது திருடனா, நாயா, காற்றா என்பதை நிச்சயிப்பதற்கு வேண்டிய ஏற்பாடுகளை நிலத்திற்குடையவரே செய்து கொள்ளல் வேண்டும். அவ்வேற்பாடுகள் கீழே விவரிக்கப்படுகின்றன.

இக்கருவிகளின் வரலாறு

ஆளில்லாக் காவற்கருவிகள் முதன்முதலில் பெரிய அளவில் கையாளப்பட்டது வியட்நாம் யுத்தத்திலாகும். லாவோஸ் நாட்டுக் காடுகளின் வழியே சென்ற ஹோ சி மின் பாதையில் லாரிகளின் நடமாட்டத்தை அறிவதற்காக, 1967 இறுதி முதல் 1973 வரையில், அமெரிக்கப் படையினர் ஆயிரக்கணக்கான கருவிகளை விமானங்களிலிருந்து வீசினர். அவற்றுள் ஒரு வகை ஈட்டிபோல் மண்ணில் குத்தி நின்று, செடியின் கிளை போன்ற ஏரியலை மட்டும் வெளியே காட்டி, நிலத்தின் அதிர்வை ரேடியோ மூலம் அறிவித்தது. தாய்லாந்திலுள்ள நாக்கோன் பனோம் என்னுமிடத்தில் கணக்கு யந்திரங்களின் துணையோடு அச்செய்திகள் ஆராயப்பட்டன. மழையும் காற்றும் விலங்குகளும் கூட அக்கருவிகளை இயக்கின. ஆகையால் ஒவ்வோர் அறிவிப்பும் உண்மையான லாரியைக் குறித்தது எனக் கொள்ள முடியவில்லை.

இதற்கு மாறாக, அளவிற் சிறியதாயினும் ஒழுங்காக நடந்த ஏற்பாடு சினாய்ப் பாலைவனத்தில் அமைந்தது. 1975 செப்டம்பரில் எகிப்தும் இஸ்ரேலும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, மித்லா, கித்தி என்னும் இரு கணவாய்களிலும் படைகள் நுழைகின்றனவா என்று பார்க்கும் பொறுப்பு, 200 பேருக்கு மேற்படாத அமெரிக்க சிவில் ஊழியர்களிடம் ஒப்புவிக்கப்பட்டது. 1976 பிப்ரவரி முதல் 1980 தொடக்கம் வரையில் அவர்கள் அப்பணியைச் செய்தனர். பரந்த பாலைவனம் முழுவதிலும் அவர்கள் கருவிகளைப் பரப்பவில்லை. எவரும் கடந்தே தீர வேண்டிய கணவாய்களின் வாயில்களில் மாத்திரம் வைத்தனர். நில அதிர்வை உணர்வது, ஓசையைக் கேட்பது, புதைத்த கம்பியின் மீது ஏற்படும் அழுத்தத்தை அறிவது, அகச்சிவப்புக் கதிரால் காண்பது என்று பல வகைக் கருவிகளைச் சேர்த்து வைத்தனர். கருவி அறிவித்தவுடன் காவல் நிலையத்திலிருந்தவர் தம் கண்ணால் பார்த்து உறுதி செய்தபின்பே அதைப் பதிவு செய்தனர்.

குறுகிய வாயிலைத் தேர்தல், ஒன்றுக்கு இரண்டு சாட்சிகளை வைத்தல், முடிவை மனிதனிடம் விடுதல் என்னும் மூன்று விதிகளும் இவ்விரண்டு அனுபவங்களிலிருந்து தெளிவாகும். ஐந்து ஏக்கர் தோப்பிற்கும் இவ்விதிகளே பொருந்தும்.

கருவிகளின் வகைகளும் குணங்களும்

(1) நில அதிர்வுக் கருவி. இது ஜியோபோன் என்று வழங்கும். ஒரு சிறு குப்பிக்குள் காந்தமும், மெல்லிய வில்லில் தொங்கும் கம்பிச் சுருளும் இருக்கும். காலடி பட்டு நிலம் அதிரும்போது காந்தம் நிலத்தோடு அசையும்; சுருளோ அசையாமல் பின்தங்கும். அவ்வேற்றுமையால் சுருளில் மிகச் சிறிய மின்சாரம் பிறக்கும். மனிதன் நடக்கும்போது விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு அடிகள் ஒழுங்காக விழும். வண்டியின் அதிர்வு இடைவிடாது தொடரும். நல்ல கருவிகள் இவ்வேற்றுமையைக் கொண்டு ஆளையும் வண்டியையும் பிரித்தறியும். கெட்டியான தரையில் ஓர் ஆளின் நடையைச் சுமார் 100 அடி தூரத்திலும், பாரவண்டியைப் பல நூறு அடி தூரத்திலும் உணரக்கூடும். உலர்ந்த பொடி மணலில் இத்தூரம் வெகுவாய்க் குறைந்துவிடும்.

(2) காந்தக் கருவி. பூமிக்கு இயல்பாக உள்ள காந்த சக்தி நமது பக்கங்களில் ஏறக்குறைய 40 மைக்ரோ டெஸ்லா அளவினது. இரும்பு நிறைந்த வண்டி அருகில் வந்தால் அதில் சிறு மாறுதல் உண்டாகும். கருவி அதை அறியும். மோட்டார் வண்டியைச் சுமார் 15 அடிக்குள் நன்றாக உணரும். வெறுங்கையுடன் வரும் ஆளையும், நாய், மாடு முதலியவற்றையும் இது உணராது. வண்டிகளை மட்டும் கவனிக்க வேண்டிய இடத்தில் அதுவே இதன் சிறப்பு. மழையும் காற்றும் இதைப் பாதிப்பதில்லை.

(3) உடற்சூட்டுக் கருவி. இது பி.ஐ.ஆர். என்று வழங்கும். உயிருள்ள உடலிலிருந்து இடைவிடாது வெளிப்படும் அகச்சிவப்புக் கதிர்களின் மாறுதலை இது அறியும். சாதாரணமாக 30 முதல் 40 அடி வரையில் வேலை செய்யும். தன் எதிரே குறுக்காகக் கடப்பவரை எளிதில் காணும். தன்னை நோக்கி நேராக வருபவரைக் காண்பதில் தாமதிக்கும். ஆகையால் பாதையை நோக்கி நீளவாட்டில் வைக்காமல், பாதைக்குக் குறுக்கே பார்க்கும்படி வைத்தல் வேண்டும். சித்திரை, வைகாசி மாதங்களில் தரையின் சூடு மனித உடலின் சூட்டை நெருங்கும் வேளையில் இதன் பார்வை மங்கும். வெயிலில் காய்ந்து ஆடும் இலைகளும் இதனை ஏமாற்றும்.

(4) கம்பி வளையம். வண்டிப்பாதையின் குறுக்கே உறையிட்ட கம்பியைச் சதுரமாகச் சில சுற்றுகள் புதைத்து, அதில் சிறு மின்னோட்டத்தைச் செலுத்தினால், மேலே வரும் வண்டியின் உலோகம் அவ்வோட்டத்தை மாற்றும். நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிகளில் வண்டிகளை அறிவதற்கு இம்முறை கையாளப்படுகிறது. தோட்டத்திற்கு ஒரே வண்டிப்பாதை உள்ளவர்களுக்கு இது ஏற்றது.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

கருவி வாங்குவதற்கு முன்னர் நிலத்தை ஒருமுறை சுற்றி வருதல் நலம். இரவில் திருட வருபவன் எவ்வழியாக வரக்கூடும், சுமையுடன் எவ்வழியாகத் திரும்பக்கூடும் என்று யோசித்து, வாய்க்கால், முள்வேலி, கிணறு, வரப்பு, வண்டிப்பாதை யாவும் குறித்த ஒரு படம் வரைந்து கொள்ளல் வேண்டும். பெரும்பாலான நிலங்களில் வழிகள் இரண்டு மூன்றுக்கு மேல் இரா. வாய்க்காலின் மேலுள்ள சிறு பாலம், வேலியிலுள்ள திட்டி வாசல், இரு வரப்புகள் கூடும் முனை ஆகியவையே குடியானவரின் கணவாய்கள். அவ்விடங்களில் இரண்டு கருவிகள் வைப்பது, வேலி நெடுகப் பத்து வைப்பதினும் மேலானது.

காக்க வேண்டிய பொருளுக்கு வெகு அருகில் கருவியை வைத்தல் பொதுவாகத் தோன்றும் யோசனையாகும். அது சரியன்று. மோட்டார் அறையின் வாசலில் வைத்த கருவி அறிவிக்கும்போது திருடன் வேலையைத் தொடங்கியிருப்பான். வீட்டிலிருப்பவர் எழுந்து, துணைக்கு ஆள் கூட்டி வருவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்குமோ, அவ்வளவு நேரத்திற்கு முன்னரே அறிவிப்பு வரும்படி, வரும் வழியில் தள்ளி வைத்தல் வேண்டும்.

விலக்க வேண்டிய இடங்களும் உள. மரத்தின் வேர்ப்பகுதியில் அதிர்வுக் கருவியைப் புதைக்கலாகாது. ஆடி மாதக் காற்றில் தென்னை ஆடும்போது அதன் வேர் மண்ணை அசைக்கும். கருவி இரவு முழுவதும் ஓயாமல் கத்தும். ஓடும் மோட்டார், மின்கம்பம், தளர்ந்த வேலிக்கல், பஸ் செல்லும் ரஸ்தா ஆகியவற்றிற்கும் தள்ளியே வைத்தல் வேண்டும். மின்சாரக் கம்பிகளும் ஓடும் மோட்டாரும் காந்தக் கருவிக்கும் இடையூறு செய்யும்.

புதைக்கும் முறை

அதிர்வுக் கருவி நிலத்தோடு ஒன்றாகப் பொருந்தியிருத்தலே முக்கியம். மேல் மண்ணை நீக்கி, 6 முதல் 8 அங்குல ஆழத்திற்குக் குழி எடுத்து, அடியிலுள்ள கெட்டி மண்ணில் கருவியின் முளையை நேர் செங்குத்தாக ஊன்ற வேண்டும். சாய்ந்திருந்தால் உள்ளிருக்கும் சுருளின் அசைவு தடைப்படும். பின்பு எடுத்த மண்ணையே சிறிது சிறிதாகப் போட்டுக் கையால் இறுக்க வேண்டும். இடையில் வெற்றிடம் இருப்பின் அதிர்வு கருவியைச் சேராது. கரிசல் நிலத்தில் கோடையில் வெடிப்பு விழுவதால், கருவியைச் சுற்றி மண் விலகியுள்ளதா என்று மாதம் ஒரு முறை பார்த்தல் வேண்டும். சேறு கலக்கிய நெல் வயலில் புதைப்பதினும், உறுதியான வரப்பில் புதைத்தல் நலம்.

கருவியிலிருந்து செல்லும் கம்பியைக் குழாயினுள் செலுத்தி, ஏரின் கொழு எட்டாத ஆழத்திலோ, உழவு படாத வரப்போரத்திலோ கொண்டு செல்ல வேண்டும். எலி கடிப்பதையும் குழாய் தடுக்கும். கம்பி எவ்வளவு குறுகியதோ அவ்வளவு நன்று. நீண்ட கம்பிகளில் இடி மின்னலின் வேகம் பாய்ந்து கருவியைப் பழுதாக்கும். மின்சார உறுப்புகள் உள்ள பெட்டியின் மூடியை ரப்பர் வளையமிட்டு இறுக்கி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே வைத்தல் நல்லது.

செய்தி வந்து சேரும் வழி

கருவியிலிருந்து வீட்டிற்குச் செய்தி கொண்டுவர ரேடியோ அல்லது கைப்பேசி வலை உதவும். இந்தியாவில் 2005 முதல் 865 மெகாஹெர்ட்ஸ் தொடங்கி 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலுள்ள அலைகளை, விதித்த சக்தி அளவிற்குட்பட்டு, தனி லைசென்சு இன்றி உபயோகிக்க அனுமதி உண்டு. தரையோடு படிந்த ஏரியலின் செய்தி வெகுதூரம் செல்லாது. அதையே ஆளுயரத்திற்கு உயர்த்தினால் தூரம் நன்கு பெருகும். வளர்ந்த கரும்பும் ஈர இலைகளும் அலைகளைக் குறைக்குமாதலால், வெற்று நிலத்தில் சோதித்ததோடு நில்லாமல், பயிர் வளர்ந்தபின் மறுபடியும் சோதித்தல் வேண்டும்.

மின்சாரக் கணக்கை ஒவ்வொருவரும் தாமே போடலாம். சராசரியாக 1 மில்லி ஆம்பியர் இழுக்கும் கருவி ஒரு நாளைக்கு 24 மில்லி ஆம்பியர் மணி செலவழிக்கும். 2400 மில்லி ஆம்பியர் மணி உள்ள பாட்டரி கணக்கின்படி 100 நாள் வரும். வெயிலின் சூட்டிலும் பழமையிலும் சக்தி குறைவதால், 60 நாளில் மாற்றிவிடுவது பத்திரமானது. பாட்டரிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தால் மின் அழுத்தம் உயருமேயன்றி, இந்த ஆம்பியர் மணிக் கணக்கு பெருகாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது, கருவி நாள்தோறும் குறித்த வேளையில் "நலம்" என்று ஒரு செய்தி அனுப்பும்படி ஏற்பாடு செய்தலாகும். பாட்டரி தீர்ந்த கருவியும், அமைதியான இரவில் உள்ள கருவியும் ஒன்றுபோலவே மௌனமாயிருக்கும். நாட்செய்தி இருந்தால், அது வராதபோதே பழுது தெரியும். கைப்பேசி வலையை நம்பும் கருவியில் சிம் அட்டையின் தவணை முடியுமுன் பணம் செலுத்தவும் மறத்தலாகாது.

சோதித்துப் பழக்குதல்

கருவியை வைத்த அன்றே அதை நம்பிவிடக் கூடாது. முதலில் ஒருவர் நடந்தும், மெதுவாக ஊர்ந்தும், சுமையுடனும், சைக்கிளிலும், டிராக்டரிலும் வந்து, எத்தூரத்தில் அறிவிப்பு வருகிறதென்று முளை அடித்துக் குறித்தல் வேண்டும். அடுத்து, ஏழு இரவுகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வோர் அறிவிப்பின் நேரத்தையும், காலையில் தடம் பார்த்து அறிந்த காரணத்தையும் எழுதி வரவேண்டும். நாயின் தடமாயின் நாய் என்றும், மழையாயின் மழை என்றும் குறிக்கலாம். ஒரே நேரத்தில் தினமும் வரும் அறிவிப்பு, பால்காரரோ பக்கத்து நிலத்துக்காரரோ வருவதால் இருக்கக்கூடும்.

ஏழு நாட்களுக்குப்பின் கருவியின் உணர்ச்சியைக் கூட்டியோ குறைத்தோ அமைக்க வேண்டும். ஓர் இரவில் பத்து முறை வீணாக ஒலிக்கும் கருவிக்கு நான்காம் நாள் எவரும் எழுந்திரார். திருடன் வருவது ஐந்தாம் நாளாக இருக்கலாம். சிறிது தூரம் குறைந்தாலும், பொய் அறிவிப்புக் குறைவாயுள்ள கருவியே காவலுக்கு உதவும். ஐப்பசி, கார்த்திகையில் மழைத்துளி தரையில் விழும் அதிர்வே கருவியை இயக்குமாதலால், மழைக்காலத்தில் இச்சோதனையை மீண்டும் செய்தல் அவசியம்.

இரண்டு சாட்சிகள்

பொய் அறிவிப்பைக் குறைக்கச் சிறந்த வழி, வெவ்வேறு வகையான இரண்டு கருவிகளை ஒரே வழியில் வைத்து, இரண்டும் ஒரு நிமிஷத்திற்குள் சொன்னால் மட்டும் மணி அடிக்கும்படி செய்தலாகும். மழை அதிர்வுக் கருவியை ஏமாற்றும். உடற்சூட்டுக் கருவியை அவ்வளவாக ஏமாற்றாது. ஆடும் இலை பின்னதை ஏமாற்றும்; முன்னதை ஏமாற்றாது. இரண்டும் ஒருங்கே ஏமாறுதல் அரிது.

ஒரே வகையான இரண்டு கருவிகளைப் பாதையில் 60 அடி இடைவெளியில் வைத்தால் மற்றொரு லாபம் உண்டு. எது முதலில் சொல்கிறது என்பதிலிருந்து வருகிறவர் உள்ளே வருகிறாரா, வெளியே போகிறாரா என்பது விளங்கும். இடைப்பட்ட நேரம் வேகத்தைக் காட்டும். விநாடிக்கு 4 அடி நடக்கும் மனிதனுக்கு 15 விநாடியும், விநாடிக்கு 3 அடி செல்லும் மாட்டு வண்டிக்கு 20 விநாடியும், விநாடிக்கு 15 அடி செல்லும் டிராக்டருக்கு 4 விநாடியும் ஆகும். இதற்கு அதிர்வுக் கருவியினும் குறுகிய பார்வையுள்ள உடற்சூட்டுக் கருவியோ, வண்டிகளுக்குக் காந்தக் கருவியோ ஏற்றது.

அறிவிப்பு வந்தபின்

அறிவிப்பு வந்தால் யார் எழுவது, யாரைக் கூப்பிடுவது என்பதை முன்னதாகவே நிச்சயித்தல் வேண்டும். எவரும் தனியே இருட்டில் செல்லலாகாது. தோட்டத்தில் தொலைவிலிருந்தே போடக்கூடிய விளக்கு ஒன்று இருந்தால், வெளிச்சம் வந்த அளவிலேயே திருடர் ஓடுதல் உண்டு. அக்கம்பக்கத்து நிலத்துக்காரர் நால்வர் ஒரே செய்தியைப் பெறும்படி சேர்ந்து ஏற்பாடு செய்வது செலவையும் குறைக்கும், துணையும் ஆகும். ஆட்கள் இருப்பது உறுதியாயின் 112 என்னும் எண்ணில் போலீசாருக்குத் தெரிவிக்கலாம். மலையோரக் கிராமங்களில் வந்தது யானையாகவோ காட்டுப் பன்றியாகவோ இருக்கலாமாதலால், காரணம் தெரியாமல் வெளியே செல்வது உயிருக்கே அபாயம்.

கருவிக்குப் பதிலாக வேலிக் கம்பியில் நேரடியாக மின்சாரத்தைப் பாய்ச்சுவோர் சிலர் இன்னும் உளர். அது சட்டவிரோதமானது, பாவமுமாகும். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே விவசாய நிலத்தில் இவ்வாறு பாய்ச்சிய மின்சாரத்தால் மூன்று யானைகள் மாண்டன. நீர் பாய்ச்ச வந்த கூலியாளும், வழி தவறிய குழந்தையும், சில சமயங்களில் கம்பி கட்டியவரும் அதே கம்பிக்கு இரையாவர். மின்சாரக் கம்பிக்கு ஆளும் விலங்கும், குற்றவாளியும் நிரபராதியும் ஒன்றே. காவற்கருவி எவரையும் தண்டிப்பதில்லை. செய்தி மட்டும் சொல்லிவிட்டு, முடிவை நிதானமுள்ள மனிதனிடம் விடுகிறது. அதற்கும் மின்கம்பிக்கும் உள்ள பெரிய வேற்றுமை இதுவே.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

ஏரி, குளம், ஓடை முதலிய பொது இடங்களில் மண் வண்டிகள் இரவில் நுழைவதைக் கவனிக்க, கரையின் மேலுள்ள ஒரே பாதையில் காந்தக் கருவியோ கம்பி வளையமோ போதுமானது. புறம்போக்கிலோ, பொதுப் பாதையிலோ தனிப்பட்டவர் அனுமதியின்றிக் கருவி புதைக்கலாகாது. உரிய அதிகாரியின் உத்தரவு பெற்று, எவ்விடத்தில் எத்தனை புதைக்கப்பட்டன என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதி வைத்தல் வேண்டும். அப்படியிருந்தால், பிற்காலத்தில் பாதை வெட்டுவோர் கம்பியை அறுக்காமலிருப்பர்.

அண்டை நிலத்தவரின் வீட்டு வாசலையோ, பெண்கள் நீராடும் துறையையோ நோக்கிக் கருவி வைப்பது தகாது. படம் பிடிக்கும் கருவியாயின் இன்னும் அதிக ஜாக்கிரதை வேண்டும். கருவி சொன்னது ஒன்றையே சாட்சியாகக் கொண்டு ஒருவர்மேல் குற்றம் சுமத்துவதும் நியாயமன்று. அது "யாரோ" என்று சொல்லுமேயன்றி "இன்னார்" என்று சொல்லாது. ஊரில் பகை மூளாமலிருக்க இதை அதிகாரிகள் குடிகளுக்கு எடுத்துரைத்தல் நலம்.

புதிதாகத் தொடங்குவோர், முக்கியமான ஒரே வழியில் அதிர்வுக் கருவி ஒன்றும் உடற்சூட்டுக் கருவி ஒன்றும் வைத்து, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் நோட்டுப் புத்தகம் எழுதிப் பார்த்தபின், மற்ற வழிகளுக்கு விரிவுபடுத்துவது உத்தமம். மாதத்தில் ஒரு நாள், பாட்டரி, கம்பி, மூடி, மண்ணின் இறுக்கம் ஆகிய நான்கையும் பார்வையிட்டு, ஒருமுறை நடந்து காட்டிச் சோதித்தல் வேண்டும். அவ்வாறு பராமரிக்கப்பட்ட கருவி இரவில் ஒலித்தால், வீட்டிலுள்ளோர் சந்தேகமின்றி எழுந்திருப்பர்.